முப்பதாயிரத்துக்கு ஒரு ரூபாய் வித்தியாசம்

ஆணி அதிகம். அதனால்தான் ரெண்டு மாசமாக இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. கிளையில் லோன் ஃபைல் புரட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தவனை வங்கியின் டிஜிட்டல் பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆபீஸ் பேலாப்பூரில். நெருலில் ரயில் ஏறினால் ரெண்டாவது ஸ்டேஷன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொடுத்து வைத்தவன். மற்றபடி, பி.காம் படித்தவனுக்கு மொபைல் ஆப் செய்கிற இடத்தில் என்ன வேலை என்று தங்கமணி கேட்ட கேள்விக்கு இன்றுவரை உருப்படியாகப் பதில் சொல்லவில்லை.

இதுதான் வேலை: வங்கிக்கு என்ன வேண்டும் என்பதை, கோடிங் எழுதுகிற பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்வது. அவர்கள் எழுதிக் கொடுத்ததை வங்கிக்காரன் கண்ணால் பார்த்துக் குறை சொல்வது. ரெண்டாவது எனக்கு நன்றாகவே வரும் :-)

வந்த முதல் வாரம் தெரிந்துகொண்ட விஷயம், எங்கள் ஆப் ஒன்று இல்லை, ரெண்டு. உங்கள் வீட்டில் நீங்கள் ஐபோன், ஊரில் அப்பா அம்மா ஆண்ட்ராய்ட் என்று இருக்கும் (பெரும்பாலும் அப்படித்தானே?). ரெண்டு போனிலும் வங்கியின் படம் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பது ரெண்டு தனித்தனி வீடு. ஆண்ட்ராய்டுக்கு கோட்லின் என்ற மொழியில் ஒரு குழு எழுதுகிறது. ஐபோனுக்கு ஸ்விஃப்ட் என்ற மொழியில் இன்னொரு குழு எழுதுகிறது. ஒரே ஹால், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் இந்தூர்ப் பையன் தலைமையில் நாலு பேர், இந்தப் பக்கம் கொச்சிப் பெண் தலைமையில் நாலு பேர். எட்டு பேரும் ஏஜென்சி மூலம் வந்த காண்ட்ராக்ட் ஆட்கள்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு ரூபாய் வரும்வரை.

தாணே பக்கம் ஒரு கிளையில் ரிட்டயரான தம்பதி. கணவர் கையில் ஆண்ட்ராய்ட், மனைவி கையில் மகள் வாங்கிக் கொடுத்த ஐபோன். முப்பதாயிரம் ரூபாயை எஃப்டியில் போட்டு மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கலாம் என்று யோசித்து, ஆப்பில் இருக்கும் வட்டிக் கணக்குப் பெட்டியில் ரெண்டு பேரும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 7.10 சதவீத வட்டி. கணவர் போன் 532 ரூபாய் என்கிறது, மனைவி போன் 533 என்கிறது. மனுஷர் ரெண்டு போனையும் எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். "ஒரு ரூபா பெரிசில்ல சார். உங்க பேங்க்கிட்ட எத்தனை கணக்கு இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வி மெயிலாக மாறி, நாலு கை மாறி, என் மேஜைக்கு வந்தது.

கணக்கைப் பாருங்கள். 30,000 பெருக்கல் 7.10 வகுத்தல் 400. விடை 532 ரூபாய் 50 பைசா, சுத்தமாக. இந்த ஐம்பது பைசாவை மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்பதில்தான் குட்டு இருக்கிறது. ஸ்விஃப்டில் சாதாரணமாக ரவுண்ட் பண்ணச் சொன்னால் பாதி வந்தால் மேலே போகும், நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி. கோட்லினில் ரவுண்ட் என்று எழுதினால், பாதி வரும்போது பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 532 இரட்டைப்படை, அதனால் கீழே இறங்கிவிட்டது. (அதே கோட்லினில் வேறு பெயரில் இன்னொரு ரவுண்ட் இருக்கிறது, அது மேலேதான் தள்ளும். படுத்துகிறார்கள்.)

டெஸ்ட் பண்ணும்போது ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். பையன் அவர்களுடைய பட்டியலைக் காட்டினான். பத்தாயிரம், ஐம்பதாயிரம், ஒரு லட்சம். பத்தாயிரத்துக்கு 177.50, இரட்டைப்படைக்குப் போனாலும் 178, மேலே தள்ளினாலும் 178. ஐம்பதாயிரத்துக்கு 887.50, எப்படிப் பார்த்தாலும் 888. லட்சத்துக்கு 1,775, பைசாவே இல்லை. மூணிலும் ரெண்டு போனும் ஒத்துப் போகின்றன! முப்பதாயிரமோ எழுபதாயிரமோ போட்டால்தான் பல் இளிக்கும். யாரைக் குறை சொல்வது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த இரட்டைப்படை முறைக்கு உலகம் முழுக்க 'வங்கியாளர் ரவுண்டிங்' என்றுதான் பெயர். பையனும் அதைத்தான் சொன்னான், "சார், பேங்க்குக்கு இதுதானே சரி?" என்று. பேரை நம்பினால் அவன் சொல்வது நியாயம்தான். ஆனால் நம் ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது: டெபாசிட் வட்டி உட்பட எல்லா வரவு செலவும் முழு ரூபாய்க்கு வரவேண்டும், 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய், அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடு. ஆக இந்தியாவில் வங்கியாளர் ரவுண்டிங் வங்கிக்கு ஆகாது. கிளையில் கடைநிலை கிளார்க்குக்கும் தெரிந்த விஷயம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. சேர்வதற்கு வழியும் இல்லை. ரெண்டு குழுவுக்கும் 'வட்டியைக் கணக்கிட்டு முழு ரூபாயில் காட்டவும்' என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு அர்த்தம்.

கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பீகாரில் சமஸ்திபூர் பக்கம் ஒரு கிளை. கோர் பேங்கிங் வராத காலம். ஒவ்வொரு கிளையும் ஒரு தனி ராஜாங்கம், அதனதன் கம்ப்யூட்டரில் அதனதன் கணக்கு. சேமிப்புக் கணக்குக்கு அப்போது தினசரி இருப்பில் வட்டி கிடையாது. மாசம் பத்தாம் தேதியிலிருந்து கடைசி தேதிவரை எது குறைந்த இருப்போ அதற்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1-ம் தேதிதான் அது தினசரிக் கணக்காக மாறியது. அந்தக் காலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளை ரெண்டில் ஒரே ஆள் கணக்கு வைத்திருந்தால், பத்தாம் தேதி சாயங்காலம் போட்ட பணம் ஒரு கிளையில் சேரும், இன்னொன்றில் சேராது. கேட்டால் ரெண்டு மேனேஜரும் சட்டம் பேசுவார்கள். கோர் பேங்கிங் வந்து எல்லாக் கிளையும் ஒரே லெட்ஜருக்குப் போனபிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது. அப்புறம் எந்தக் கிளையில் பாஸ்புக் போட்டாலும் ஒரே எண்தான்.

ஒரு தலைமுறை வங்கி ஊழியர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் டேட்டா ஏற்றி ஒழித்த ரெண்டு லெட்ஜர் விவகாரம், இப்போது வாடிக்கையாளரின் சட்டைப் பைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. என் கவலை அதுதான். அசல் எஃப்டி போட்டால் வட்டி போடுவது சர்வர்தான், அங்கே 533 சரியாகவே விழும். ஆனால் மனுஷன் நம்புவது போன் காட்டும் எண்ணை.

நீங்கள் கேட்பது புரிகிறது, கணக்குப் பெட்டியையும் சர்வரிலேயே வைத்துத் தொலைக்கலாமே என்று. நானும் கேட்டேன். விரலால் தொகையை இப்படி அப்படி இழுக்கும்போது எண் உடனே மாறவேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சர்வருக்குப் போய்வந்தால் சிக்னல் இல்லாத ஊரில் சக்கரம் சுத்திக்கொண்டே இருக்கும். அதனால் சில கணக்குகள் போனுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்து ஒரு வெண்டார் உள்ளே வந்தார். டை, லேப்டாப், சிரிப்பு. ஜெனரல் மேனேஜர் அறையில் ஒரு மணி நேரப் படம். சாராம்சம்: ஒரே கோடிங், ரெண்டு போன், பாதி ஆள். திரை, பட்டன், கணக்கு எல்லாமே ஒரே இடத்தில் ஒருமுறை எழுதினால் போதும். ஜெனரல் மேனேஜருக்கு 'பாதி ஆள்' என்ற இடத்தில் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே அந்த எட்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அன்றைக்கு மத்தியானம் கேண்டீனில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பையனுக்குப் போன மாசம்தான் பனவேலில் ஃபிளாட் புக் பண்ணியிருந்தான்.

எனக்கு ரெண்டு வாரம் கொடுத்து, குறிப்பு எழுதச் சொன்னார்கள். பி.காம் மூளையை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் படித்தேன். இந்த ஆசை இன்று நேற்று வந்ததில்லை. 'ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு' என்று ஜாவாவை விற்க சன் கம்பெனி 1995 வாக்கில் கிளம்பியதிலிருந்தே இருக்கிறது. ஃபேஸ்புக் போன் ஆப்பை வெப்சைட் மாதிரியே செய்து ரெண்டு போனிலும் ஓட்டப் பார்த்தது. 2012-ல் சக்கர்பெர்க்கே மேடையில், அதை அளவுக்கு மீறி நம்பியதுதான் கம்பெனி செய்த பெரிய தப்பு என்று சொன்னார். அதே ஃபேஸ்புக் 2015-ல் ரியாக்ட் நேட்டிவ் என்று வேறு ஒன்றை வெளியிட்டது. அதை 2016-ல் எடுத்துக்கொண்ட ஏர்பிஎன்பி, 2018-ல் விடப்போவதாக விரிவாக எழுதியது. ரெண்டு ஆப்பை ஒன்றாக்கப் போய், ஆண்ட்ராய்ட், ஐபோன், நடுவில் ரியாக்ட் நேட்டிவ் என்று மூணைக் கட்டி மேய்க்க வேண்டியதாகிவிட்டதாம்.

டிராப்பாக்ஸ் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் திரையைத் தொடவில்லை. உள்ளே இருக்கும் வேலையை மட்டும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதி ரெண்டுக்கும் பொதுவாக வைத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது. 2019-ல் அதையும் விட்டுவிட்டார்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளையெல்லாம் இவர்களே கையால் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த மொழி தெரிந்த அனுபவசாலிகள் வெளியே போனதும் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. எங்கள் வங்கியில் பழைய கோபால் மொழி தெரிந்தவர்கள் ரிட்டயரானபோது பட்ட பாட்டைப் பார்த்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லாம் தோல்விக் கதை இல்லை. நாம் காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்பும் கூகுள் பே ஃப்ளட்டரில் மாற்றி எழுதப்பட்டதுதான், திரை முதற்கொண்டு பொது. ஆனால் ஃப்ளட்டரை உருவாக்கியதே கூகுள். கூரை ஒழுகினால் கட்டிய மேஸ்திரி அடுத்த ரூமிலேயே இருக்கிறார். நமக்கு?

குறிப்பு பாதி எழுதியிருந்தபோது அம்மாவிடமிருந்து போன். அம்மா தென்காசியில் இருக்கிறாள். தம்பி புது போன் வாங்கிக்கொண்டு தன் பழைய ஐபோனை அவளுக்குக் கொடுத்திருந்தான்.

"ஏண்டா, உங்க பேங்க் ஆப்பைத் திறந்தா மெசேஜ் பொட்டி தானா திறக்குது. ஏதோ எழுத்தும் நம்பருமா கிறுக்கி வச்சிருக்கு, அனுப்பச் சொல்லுது. நீதானே தெரியாத மெசேஜத் தொடவே தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னே? பழைய போன்ல இப்படியெல்லாம் கேக்கலையே?"

உண்மை. இந்த நம்பர் இந்த போனில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்ய எங்கள் ஆப் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், யுபிஐ ஆப்புகளும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் அனுமதி வாங்கிக்கொண்டு ஆப் தானே அனுப்பிவிடும். ஐபோனில் எந்த ஆப்பும் தானாக எஸ்எம்எஸ் அனுப்ப ஆப்பிள் விடாது. எழுதி நீட்டும், அம்புக்குறியை நாம்தான் அழுத்த வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும், எவ்வளவு கோடிங்கைப் பொதுவில் வைத்தாலும் இது மாறாது. ஆகவே ஐபோன்காரர்களுக்கு மட்டும் முன்னாலேயே ஒரு பக்கம் வேண்டும், என்ன வரப்போகிறது, ஏன் அனுப்பலாம் என்று நிதானமாகச் சொல்லி. ஆண்ட்ராய்டில் அந்தப் பக்கம் வந்தால் அதுவே குழப்பம். அம்மாவிடம் அரைமணி நேரம் பேசி அனுப்ப வைத்தேன். மகன் வங்கியில் இல்லாத அம்மாக்கள் என்ன செய்வார்கள்?

இன்னும் சில இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பின்னால் போக போனிலேயே வழி உண்டு. ஐபோனில் திரையில் அம்பு இல்லாவிட்டால் வயசானவர்கள் மாட்டிக்கொள்வார்கள். எண்களுக்கு இந்திய முறை என்று சொல்லாமல் விட்டால் லட்சத்தை 100,000 என்று காற்புள்ளி இடம் மாற்றிப் போடும், எங்கள் அம்மா அதைப் பத்தாயிரமாகத்தான் படிப்பாள். இதில் காற்புள்ளி விவகாரம் பொதுவில் இருக்கவேண்டியது. அம்பு விவகாரம் தனித்தனியாக இருக்கவேண்டியது. இப்படி ஒவ்வொன்றையும் எடுத்து ரெண்டு பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தேன், கோடிங் தெரியாமலே செய்யக்கூடிய வேலை.

எது வித்தியாசப்படக் கூடாதோ அது பொது. இதற்கு உதாரணம் தேடி எங்கும் போகவில்லை. எந்த யுபிஐ ஆப்பில் வேண்டுமானாலும் பணம் அனுப்பிப் பாருங்கள். பின் நம்பர் கேட்கும் பக்கம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே ஜாடையில் இருக்கும். காரணம், அந்தப் பக்கத்தை ஆப் செய்தவர்கள் எழுதுவதில்லை. என்பிசிஐ எழுதிக் கொடுக்கிறது, எல்லா ஆப்பும் அதை அப்படியே உள்ளே பொருத்திக்கொள்கின்றன. நீங்கள் அடிக்கும் பின் நம்பரை ஆப்காரரால் பார்க்க முடியாது. சுற்றி இருக்கும் கலர், படம், பரிசுச்சீட்டு எல்லாம் அவரவர் இஷ்டம். நாடே நம்பிப் பணம் அனுப்புவது இந்த ஏற்பாட்டில்தான். எங்களுக்கு அதுவே போதும் என்று எழுதினேன்.

குறிப்பில் கேட்டது இது. வட்டி, ரவுண்டிங், மூத்த குடிமகன் என்று எந்தத் தேதி வயசை வைத்து முடிவு செய்வது, முன்கூட்டியே எடுத்தால் எவ்வளவு பிடிப்பது, ஐஎஃப்எஸ்சி சரிபார்ப்பு, இவை ஒரே இடத்தில் ஒருமுறை எழுதப்படட்டும். 2023 நவம்பரிலிருந்து கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் நிலையான பதிப்பாக வந்திருக்கிறது, ஆண்ட்ராய்ட் குழுவுக்குத் தெரிந்த அதே மொழி, ஐபோன் ஆப்பும் அதை உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். டிராப்பாக்ஸுக்கு ஆள் கிடைக்காமல் போனது மாதிரி நமக்கு ஆகாது. திரைகள் தனித்தனியாகவே இருக்கட்டும். குழுவுக்கு ஒருவராக எடுத்து அந்தப் பொதுப் பகுதிக்கு உட்கார வையுங்கள்.

கமிட்டியில் ஜெனரல் மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "செலவு எவ்வளவு குறையும்?"

"முதல் வருஷம் குறையாது சார். கூடினாலும் கூடும்."

அறையில் கொஞ்ச நேரம் ஏசி சத்தம் மட்டும். தாணே கிளையிலிருந்து வந்த மெயிலின் அச்சுப் பிரதியை அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன், அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி இருந்த வரியில் மஞ்சள் கோடு போட்டு. படித்தார். வெண்டாருக்குப் பிறகு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். எங்களுக்கு ஆறு மாசம் கொடுத்தார். எட்டு பேரும் இருக்கிறார்கள், ஆனால் ஏஜென்சி காண்ட்ராக்ட் வருகிற மார்ச்சில் புதுப்பிக்க வரும்போது இதே கேள்வி மறுபடி வரும். அதற்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது, அவர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடித் தடுப்புக்கு நடுவில் இப்போது ஒரு மேஜை. கொச்சிப் பெண்ணுக்கு ஆரம்பத்தில் முகம் சுளிப்புதான். பொது என்று சொல்லிவிட்டு எல்லாம் கோட்லின் மொழியில் இருக்கிறதே, அவள் பக்கத்தில் பிழை தேடுவது கஷ்டமாக இருக்கிறதே என்று. நியாயமான புகார். தேடும்போது பையன் கூட உட்கார வேண்டும் என்று ஏற்பாடு.

என் பங்கு ஒரு எக்செல் ஷீட். தொகை, வட்டி விகிதம், காலம், வரவேண்டிய விடை. கிளையில் பார்த்த விசித்திரமான கேஸ் எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். தினமும் ராத்திரி ரெண்டு போனிலும் அந்தப் பட்டியல் தானாக ஓடி, காலையில் சிவப்பு பச்சையாக மெயில் வரும். ரயிலில் நின்றுகொண்டே அதைப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

போன வாரம் அந்தப் பெண் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். 2024 பிப்ரவரி 29-ம் தேதி ஒரு வருஷத்துக்குப் போட்ட டெபாசிட் எப்போது முதிர்வாகும்? ரெண்டு போனும் 2025 பிப்ரவரி 28 என்கின்றன. நெட் பேங்கிங் வெப்சைட்டில் இருக்கும் கணக்குப் பெட்டி வேறு மொழி, வேறு குழு, வேறு கட்டடம். அது மார்ச் 1 என்கிறது. எது சரி என்று ஆபரேஷன்ஸ் டிபார்ட்மெண்டுக்கு மெயில் போட்டிருக்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த லீப் வருஷம் 2028.